தப்பாகப் படிக்கிறவள்

மே 12, செவ்வாய்

நான் எழுதிய மின்விசிறிக் கையேடு ஊற்றிக்கொண்டது. இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். பெட்டிக்குள் பொருளோடு போகும் கையேட்டை நாங்கள் எழுதுவோம். அந்தப் பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவர் அதைப் படித்துப் படித்துச் செய்து பார்க்க வேண்டும். எழுதியவர் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். கணக்குப் பிரிவு அண்ணன் விசிறியின் முன்வலையைப் பின்னால் மாட்டிவிட்டு, "சரிதானே?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அடுத்து ஒட்டடைக்குச்சி எழுதிய இஸ்திரிப்பெட்டி. ஒரே தடவைதான். அண்ணன் தன் கைக்குட்டையைத் தேய்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒட்டடைக்குச்சி என்பது நான் வைத்த பெயர், மனதுக்குள் மட்டும். என் கல்லூரிதான். என்னைப் போலவே பயிற்சிக்கு வந்தவள். படிப்பது வேதியியல். நானோ இலக்கியம், மூன்று வருடமும் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. மாதக் கடைசியில் எங்கள் இருவரில் ஒருவரைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். வேதியியலிடம் தோற்றால் நான் எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது?

மே 14, வியாழன்

எங்களுக்குப் பயிற்சி தரும் மேடம் என் பக்கங்களைப் படித்துவிட்டு, "உன் வாக்கியமெல்லாம் அழகா இருக்கு" என்றார். அரை நாள் மிதந்தேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. விசிறி மாட்டுகிறவருக்கு அழகு எதற்கு?

மே 19, செவ்வாய்

சாப்பிடும்போது ஒட்டடைக்குச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ பரிசெல்லாம் வாங்கினவ. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்." ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கான கையேடு. மேலோட்டமாகப் புரட்டுவதுபோலப் புரட்டி, "நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவள் கை கழுவப் போன நேரத்தில் ஒரு வரி விடாமல் படித்தேன். நல்லாத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

மே 20, புதன்

காய்ச்சல் என்று அவள் வரவில்லை. இன்று எவ்வளவு நன்றாக எழுதினேன் என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மே 22, வெள்ளி

சாப்பாட்டு மேசையில் அக்கா பிடித்துக்கொண்டாள். "வந்ததுலேந்து அவ புராணம்தான். அவ எழுதினதுல குறை இருந்தா சொல்லு, இல்லன்னா சாப்பிடு."

சாப்பிட்டேன்.

மே 28, வியாழன்

கடைசிச் சோதனை. "இன்னிக்குக் கணக்குப் பிரிவு வேண்டாம். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் செஞ்சு பாருங்க" என்றார் மேடம்.

முதலில் என் தண்ணீர் வடிகட்டி. அவள் பொறுமையாகப் படித்து, நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் தானே ஊகித்து மாட்டி முடித்தாள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. நல்ல மனசு. எனக்கு அது கிடையாது.

அவள் கருவி என் முன்னால் வந்ததும் ஒன்று முடிவு செய்தேன். எழுதியிருப்பதை மட்டும்தான் செய்வேன். எதையும் ஊகிக்க மாட்டேன். நான் ஏன் ஊகிக்கணும்? "பட்டையை மேல்கையில் சுற்றவும்." ஏசி குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லவில்லை, மேலேயே சுற்றினேன். "பொத்தானை அழுத்தவும்." அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். கருவி கூவியது, தேதி மாற்றும் பக்கத்துக்குப் போனது, பிறகு அணைந்தே போனது.

வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்ட மேடமே கேட்டுவிட்டார். "ஏம்மா விரலை எடுக்கல?"

"எப்ப எடுக்கணும்னு போடலையே."

ஒட்டடைக்குச்சி முகம் செத்துப்போகும் என்று ஆசையாகத் திரும்பினேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். "இன்னொரு தடவை மொதல்லேந்து பண்றியா?" என்றாள்.

மே 29, வெள்ளி

பயிற்சி முடிந்தது. மேடம் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார். "எழுதறதுக்கு அவ. படிக்கறதுக்கு நீ. மேல பேசி இன்னொரு இடம் வாங்கியிருக்கேன். இவ்வளவு கெட்ட எண்ணத்தோட படிக்கிற ஆளை நான் பாத்ததே இல்ல."

படிக்கறதுக்கா? நான் எழுத வந்தவ. அவ சமைப்பா, நான் பக்கத்துல நின்னு உப்புப் பாக்கணுமா? அதுவும் அவ முன்னாடியே சொல்றாங்க. அவ என் கையைப் பிடிச்சு சந்தோஷம்னு வேற சொல்றா. கையை உதறத் தோணுச்சு. உதறலை.

ஜூன் 1, திங்கள்

சேர்ந்துவிட்டேன். காலையில் கல்லூரித் தேர்வு எழுதிவிட்டு மதியத்துக்கு மேல் வரலாம் என்றார்கள். ஏன் சேர்ந்தாய் என்று அக்கா கேட்டாள். அவளை நிம்மதியாக எழுத விடக் கூடாது என்றுதான். வேறு காரணம் இருந்தால் எனக்குத் தெரியாது.

ஜூன் 24, புதன்

குழந்தைக் கட்டில். "பக்கவாட்டுக் கம்பியைப் பூட்டவும்" என்று எழுதியிருந்தாள். ஒரு கம்பியைப் பூட்டினேன். எதிர்ப்பக்கத்துக் கம்பியைத் தொடவில்லை. பொம்மையைப் படுக்கவைத்துக் கட்டிலை ஆட்டினேன். பொம்மை உருண்டு தரையில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பொம்மையை எடுத்து மறுபடி கட்டிலில் படுக்கவைத்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை அவள் எழுத எழுத நான் படித்தேன், நான் கெடுக்கக் கெடுக்க அவள் எழுதினாள். எனக்கு அப்படி ஒரு வரி வராது. இன்றைக்கும் எரிகிறது.

ஜூலை 7, செவ்வாய்

கட்டில் கையேடு அச்சுக்குப் போனது. யார் பெயரும் இருக்காது, அவள் பெயரும் இருக்காது என்று நினைத்தால் ஒரு அற்ப ஆறுதல்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

தையல் இயந்திரக் கையேட்டை மேசையில் வைத்தாள். பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். அவள் கையெழுத்து இல்லை. மேல்மாடிக்குப் புதிதாக வந்த, கையேட்டுக்குப் படம் வரைகிறவர் கேட்டாராம், சும்மா கொடுத்தாளாம். நூல் கோர்க்கும் இடத்தில் "பிரமாதம்" என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த இடத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. அது கண்ணில் படவில்லை, பிரமாதமாம்.

"எனக்கு முன்னாடி அவர்ட்ட எதுக்குக் காட்டின?"

"கோவமா?"

"இல்லையே."

அந்தத் தாள்களை அவள் பக்கமே தள்ளிவிட்டு, எனக்கு வேறு பிரதி எடுத்துத் தரச் சொன்னேன், யாரும் தொடாதது.