லிஃப்ட் குழியில் எருமை

ஆகஸ்ட் 6, புதன்

திங்கட்கிழமை விளையாட்டாக ஒரு வேலை செய்தேன். நான் பயிற்சிக்குப் போகும் அலுவலகம் முதலியார்பேட்டையில் ஒரு விடுதி கட்டுகிறது. தூண், பீம், குழாய் என்று முழுக் கட்டடத்தையும் கணினியில் மாடலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதன் லிஃப்ட் குழிக்குள் ஓர் எருமையை நிறுத்தினேன். மாடலைத் திறப்பவர் அலறுவார் என்று காத்திருந்தேன். ஒருவரும் அலறவில்லை.

இன்று மறுபடி எருமையைப் பார்க்கப் போனபோது வேறொன்று கண்ணில் பட்டது. பாத்ரூம் குழாய் நேராக பீமுக்குள் நுழைகிறது. நாளை காலை அங்கே கான்கிரீட். போட்டுவிட்டால் பிறகு பீமை உடைத்துத்தான் குழாய் விட வேண்டும்.

மாடலுக்குப் பொறுப்பான சரவணன் சாரிடம் ஓடினேன்.

"சார், குழாய் பீம்ல முட்டுது."

"எல்லாம் செக் பண்ணியாச்சும்மா. போய் டீ சொல்லு."

"முழுசா பாத்தீங்களா சார்?"

"மேலேர்ந்து கீழ வரைக்கும். நேத்துதான் ஓகே குடுத்தேன்."

"லிஃப்ட் குழி?"

"சுத்தமா இருக்கு, போ."

எருமை லிஃப்ட் பிடித்து மொட்டை மாடிக்குப் போயிருந்தது போல! சிரிப்பு வந்தது. ஆனால் எருமையை வைத்தது நான். சொன்னால் என் பயிற்சி காலி. சொல்லாவிட்டால் பீம் காலி.

நாளை கான்கிரீட் லாரி வருவதற்குள் சைட்டில் எல்லோர் முன்னாலும் மாடலைத் திறந்து காட்டப்போகிறேன். முதலில் எருமை, பிறகு குழாய். எருமையே தெரியாத கண்ணை நம்பியா கான்கிரீட் போடுகிறீர்கள் என்று கேட்பேன். திட்டு விழட்டும்.

அதுவரை எருமை நிற்கட்டும். நான் படுக்கிறேன்.