விரல்கள் அசைகின்றனவா

ஜூன் 4

அன்புள்ள பொடிசுக்கு,

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்து அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டாதே. இடது கையால் எழுதுகிறேன். போன வாரம் ஸ்டூலில் ஏறி மின்விசிறி துடைத்தேன். விசிறி சுத்தமாகிவிட்டது, என் வலது மணிக்கட்டுதான் போய்விட்டது. முழங்கை வரை மாவுக்கட்டு. அச்சகத்தில் லீவு சொல்லியாயிற்று. பேனா பிடிக்க முடியாதவளை வைத்துக்கொண்டு அவர்கள் எந்தப் பிழையைத் திருத்துவது?

ஏழு வருடமாக வருடத்துக்கு ஒரு கடிதத்தோடு நிற்கிறோம். போனில் பேசினாலோ மூன்றாவது நிமிடமே சண்டை. உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் மாவுக்கட்டுப் போடுகிற தங்கையை வைத்துக்கொண்டு வேறு யாரைக் கேட்பது? கட்டுக்குள் அரிப்பு உயிரை வாங்குகிறது. ஸ்கேலை விட்டுச் சொறியலாமா?

அக்கா

ஜூன் 9

அக்காவுக்கு,

ஸ்கேலைத் தொடாதே. குச்சி, ஸ்பூன் காம்பு, எதுவும் கூடாது. உள்ளே கீறல் விழுந்து சீழ் பிடித்தால் வெளியே தெரியாது. அரித்தால் கட்டின்மேல் தட்டு. இல்லாவிட்டால் மின்விசிறிக்கு அடியில் போய் உட்கார். அதைத்தான் இவ்வளவு பாடுபட்டுத் துடைத்திருக்கிறாயே.

கட்டு நனையக் கூடாது. குளிக்கும்போது பிளாஸ்டிக் பையை மாட்டி நாடாவால் கட்டு. படுக்கும்போது கை நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணைமேல் வை. மணிக்கொரு தரம் விரல்களை மடக்கி நீட்டு. விரல்கள் அசைகின்றனவா? எழுது.

ஒன்றை மறக்காதே. விரல் நீலம் பாரித்தாலோ, சில்லிட்டு மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதே.

தங்கை

ஜூன் 20

அன்புள்ள பொடிசுக்கு,

பையை மாட்டிவிடலாம். நாடாவைக் கட்ட இன்னொரு கைக்கு எங்கே போவது? ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுக்கிறேன். தலை பின்ன வராததால் கீழ்வீட்டம்மாவிடம் போகிறேன். அவள் என் முடியைப் பிடித்துக்கொண்டு மருமகள் கதையை ஆரம்பிக்கிறாள். கதை முடிகிறவரை பின்னலும் முடிவதில்லை.

உன் கடிதத்தை அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். விரல்கள் அசைகின்றனவா என்று கேட்டிருந்தாய். அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். என்னை யாராவது இப்படி எதையாவது கேட்டு ரொம்ப நாளாயிற்று. அசைகின்றன.

நெஞ்சைவிட உயரம் என்றால் ஒரு தலையணையா, இரண்டா?

உன் அக்கா

ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு.

நேற்று ஒரு லாரி டிரைவர் வந்தார். கால்கட்டு நனைந்துவிட்டதென்று அடுப்பருகே நீட்டிக் காயவைத்திருக்கிறார். கட்டும் கருகி, முட்டியும் வெந்திருந்தது. அவரைத் திட்டிக்கொண்டே புதுக் கட்டுப் போடும்போது உன் நினைப்பு வந்தது.

பள்ளிக்கூட நாளெல்லாம் நீதான் எனக்குத் தலை பின்னிவிட்டாய். இப்போது உனக்கு யாரோ பின்னுகிறார்கள். அம்மா போனபிறகு என்னோடு வந்து இருக்கச் சொல்லித்தானே கூப்பிட்டேன்? "என்னை உன் வீட்டுல வர்றவங்க போறவங்களுக்குக் கதவு திறக்குற ஆளாக்கப் பாக்குறியா?" என்று என் வீட்டுக்காரர் முன்னாலேயே கேட்டாய். அது இன்னும் காதில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். உன் கடிதம் வந்தால் பஸ்ஸில் நின்றுகொண்டே பிரித்துவிடுகிறேன்.

ஆறு வாரம் ஆனதும் கட்டைப் பிரித்துவிடுவார்கள். அதன்பிறகு என் அதிகாரம் உன்மேல் செல்லாது. விரல்கள் அசைகின்றனவா?

பொடிசு

ஜூலை 24

அன்புள்ள பொடிசுக்கு,

டாக்டர் இன்னும் நாலு வாரம் இருக்கட்டும் என்கிறார். எலும்பு கூடவில்லையாம். என்னை மாதிரியே பிடிவாதம். கட்டிலிருந்து ஒரு வாடை வருகிறது. பவுடர் போடலாமா?

உன் அக்கா

ஆகஸ்ட் 8

அன்புள்ள பொடிசுக்கு,

பதினைந்து நாளாக உன் பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து தலையாட்டிவிட்டுப் போகிறார்.

இரண்டு நாளாக விரல்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன. நுனி நீலமாகத் தெரிகிறது. தொட்டால் உணர்வில்லை. என்ன செய்யட்டும்?

அக்கா

ஆகஸ்ட் 13

அக்காவுக்கு,

சின்னவளுக்குக் காய்ச்சல். அதனால்தான் பதில் போடவில்லை. உன் கடிதம் கிடைத்ததும் நாலு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. அவர் வெளியூரில் இருக்கிறார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டுக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். மரத்துப்போன விரல்களை வெட்டி எடுத்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஆறு மணி நேரமும் அதுதான் கண்ணுக்குள் நின்றது.

உன் தெருவில் திரும்பியதும் மொட்டைமாடியில் உன்னைப் பார்த்தேன். போர்வை பிழிந்துகொண்டிருந்தாய், இரண்டு கையாலும். சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லாமல் பிழிந்தாய். கட்டு எப்போதோ பிரித்தாகிவிட்டது.

மாடிப்படி வரை வந்தேன். ஏறினால் என்ன பேசுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

'வா' என்று எழுதியிருந்தால் வந்திருப்பேனே அக்கா. இனிமேல் கையைப் பற்றி எனக்கு எதுவும் எழுதாதே.

தங்கை

ஆகஸ்ட் 19

அன்புள்ள பொடிசுக்கு,

இது வலது கையால் எழுதுவது.

ஜூலை பதினாறாம் தேதியே கட்டைப் பிரித்துவிட்டார்கள். பிரித்தவர், "அவ்வளவுதாம்மா, இனி நீங்க வர வேண்டாம்" என்றார். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, இனி உன்னிடம் கேட்க என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஒன்றுமே இல்லை. அதனால் இடது கையாலேயே எழுதிக்கொண்டிருந்தேன். எதைச் சொன்னால் நீ உடனே பதறுவாய் என்பது அலமாரிக் கதவில் உன் எழுத்திலேயே ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து எழுதினேன். நீ போன் அடித்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். குரலில் பிடிபட்டுவிடுவேன் என்று எடுக்கவில்லை. காய்ச்சல் குழந்தையை விட்டுவிட்டு நீ வந்ததை நினைத்தால் என்மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

கீழ்வீட்டம்மாவிடம் விசாரித்தேன். "யாரோ ஒருத்தங்க படிக்கிட்ட ரொம்ப நேரம் நின்னாங்க. மேல கூப்பிடட்டுமான்னேன். வேணாம்னாங்க. போனப்புறம்தான் பாத்தேன், பையை விட்டுட்டுப் போயிருக்காங்க" என்று எடுத்துக் கொடுத்தாள். உள்ளே இரண்டு தலையணை உறை. அப்புறம், கையைத் தொங்கவிட்டுக்கொள்ள நீ தைத்த தூளி. கழுத்தில் உறுத்தாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறாய். அதை மாட்டிக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கைக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கழற்ற மனம் வரவில்லை.

அன்று உன் வீட்டுக்காரர் முன்னால் நான் கேட்டது, அச்சாகிப் போனபிறகு கண்ணில் படுகிற பிழை. ஏழு வருடமாக எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்கிறது. நீ சொன்ன அந்த ஒரு சொல்லை எழுத இப்போது எனக்கு முகமில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் ஒரு கேள்விகூட வைக்கவில்லை. அதனால் நீ பதில் போட்டாக வேண்டியதில்லை.

விரல்கள் நன்றாக அசைகின்றன.

அக்கா