மின்விசிறிக்கு லைசென்ஸ் கொடுத்த உன் அப்பா

அன்புள்ள கண்ணு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பாவின் புது முழங்காலும் நலம். அப்பா நலமா என்பதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய். அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் சுகமாக இருக்க வேண்டும்.

வலி உயிர் போகிறது, அங்கிருந்து நல்ல மாத்திரையாக அனுப்பு என்று போனில் உன்னிடம் அழுதாராமே. அனுப்பிவிடாதே. நடந்ததைச் சொல்கிறேன். முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வரும்போது வீரியமான வலி மாத்திரை ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டதும் மனிதர் வேறு ஆளாகிவிட்டார். டிரைவிங் ஸ்கூலில் பிள்ளைகளைத் திட்டித் திட்டியே தொண்டை போனவர், மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்து, "தம்பி, ரவுண்டானாவையே சுத்திக்கிட்டு இருக்கியே, வெளிய வர்ற வழியைப் பாருப்பா" என்று அவ்வளவு அன்பாகச் சொன்னார். சாயங்காலம் அதற்கு லைசென்ஸே கொடுத்துவிட்டார். நானும் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பிறகுதான் வினையே. கால் வலிக்கிறதா என்று கேட்டால், "இன்னும் வரல, ஆனா வந்துக்கிட்டே இருக்கு, ஹாரன் கேக்குது" என்று மாத்திரைக்குக் கை நீட்டுவார். வீக்கம் வடிய வடிய ஹாரன் மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. மலச்சிக்கல் வேறு, கழிவறையில் உட்கார்ந்து உலகத்தையே சபித்தார். மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்து, வேளைக்கு மட்டும் எடுத்துக் கொடுத்தேன். அவரோ வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் கையைக் காட்டி சிக்னல் போட்டபடி வீடு முழுக்கத் தேடினார். காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் அதைப் பார்த்து, "அங்கிள் பிரமாதமா நடக்கிறாரே ஆன்ட்டி" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனாள்.

மாடிவீட்டுக்காரரும் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர்தான். காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தருகிறேன் என்று பேரம் பேசி, அவரிடம் மிஞ்சிக் கிடந்த மாத்திரையை உன் அப்பா வாங்கியிருக்கிறார். நான் கொடுத்ததற்கு மேல் அதையும் போட்டு, இருமல் மருந்தையும் குடித்து, கையில் கரண்டியோடு சாப்பாட்டு மேஜையிலேயே சாய்ந்துவிட்டார். உலுக்கினேன், அசையவில்லை. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வர யோசித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. நான் போட்ட கூச்சலில் மாடிவீடே இறங்கி வந்துவிட்டது கண்ணு. மாடிவீட்டுக்காரர்தான் அலறியடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். வண்டியிலேயே அந்த மாத்திரையை முறிக்கும் ஊசி போட்டார்கள். கண்ணைத் திறந்தவர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "டிரைவர், கிளட்சை இப்படியா விடுவாங்க?"

டாக்டரம்மா உறைக்கும்படி சொன்னார்: "இது காலை நடக்க வைக்கிற மருந்துங்க, மனசைத் தாலாட்ட இல்ல. அடுத்தவங்க மாத்திரையைத் தொடவே கூடாது. ஒரேயடியா நிறுத்தவும் வேணாம், நான் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைங்க." மாடிவீட்டுக்காரர் மிச்சத்தைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் ஒப்படைத்துவிட்டார். இப்போது ஐஸ் ஒத்தடமும் பயிற்சியும் தம் பாட்டுக்கு நடக்கின்றன. வியர்த்துக் கொட்டுகிறது, எரிந்து விழுகிறார், குறைக்கும்போது அப்படித்தான் இருக்குமாம்.

நேற்று தெளிவாக இருந்த நேரத்தில், டாக்டரம்மா அளந்து கொடுத்த மாத்திரைப் பெட்டியைத் தானே என் கையில் வைத்தார். "பழகுற வண்டியில பக்கத்துல இருக்கிறவங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கும். அது நீயா இரு" என்றார். கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவர் என்னை வண்டி ஓட்ட விட்டதே இல்லை.

மறுபடி போனில் அழுவார். நீயும் கூடச் சேர்ந்து அழு, தப்பில்லை. மாத்திரை மட்டும் அனுப்பாதே. பிள்ளை குட்டி, வேலை வெட்டி என்று எல்லாம் நிறைந்து நீ நோய்நொடி இல்லாமல் வாழ வேண்டும்.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா