கழுவாத ஒரு கல்

ஒலக்கூர் பக்கம்,
11.1.2026

மதிப்பிற்குரிய இசைவாணி அவர்களுக்கு,

விருத்தாசலம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் செந்தாமரையும் நலம். டிராக்டர் நலமில்லை, வாங்கிய நாள் முதல் அது அப்படித்தான்.

நீங்கள் அனுப்பிய ஆய்வுக் கட்டுரை நனையாமல் வந்து சேர்ந்தது. அகராதியை வைத்துக்கொண்டு நான்கு நாள் படித்தேன். எங்கள் மேட்டுக்கொல்லையில் நீங்கள் தோண்டிய குழியில் கிடைத்தவை பன்னிரண்டு கல் கருவிகள். அவற்றில் பதினொன்று கழுவப்பட்டுவிட்டன. தப்பிய ஒன்றின் விளிம்பில் மட்டும் ஏதோ கிழங்கின் மாவுத்துகள் ஒட்டியிருந்தது. ஆகவே, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தவர்கள் அந்தக் கல்லால் கிழங்கு சீவியிருக்கலாம். எனக்குப் புரிந்தது இவ்வளவு. 'இருக்கலாம்' என்பதை நீங்கள் பதினேழு இடத்தில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் நன்றி அதற்கு.

கடைசிப் பக்கத்தில், அந்த ஒரு கல்லைக் கவனமாகக் காப்பாற்றித் தந்த நில உரிமையாளர் விருத்தாசலத்துக்கு நன்றி என்று அச்சிட்டிருக்கிறீர்கள். பெரிதாக ஜெராக்ஸ் எடுத்துக் கூடத்தில் மாட்டலாம் என்று திண்டிவனம் கடைவரை போனேன். எடுக்காமல் திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு ஆயுத பூஜை விடுமுறைக்கு நீங்கள் ஊருக்குக் கிளம்பினீர்கள். விழுப்புரத்தில் எடுத்திருந்த அறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்துவிட்டதால், கருவிகள் இருந்த பெட்டியை என் மோட்டார் கொட்டகையில் வைத்தீர்கள். ஒவ்வொரு பையிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் 'கழுவக் கூடாது' என்று சீட்டு இருந்தது. நீங்கள் திரும்பி வந்து திறந்தபோது பதினோரு கல்லும் பளபளவென்று சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. வீட்டுக்காரி விவரம் தெரியாமல் கழுவிவிட்டாள் என்று நான் சொன்னேன். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு செந்தாமரையின் கையைப் பிடித்து, "பரவாயில்லைங்க அக்கா, பெட்டிய பூட்டாம போனது என் தப்பு" என்றீர்கள். உங்கள் இரண்டு ஆண்டு உழைப்பு அந்தப் பெட்டியில் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

கழுவியது செந்தாமரை அல்ல. நான்.

செந்தாமரைக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன். சீட்டை இரண்டு மொழியிலும் படித்தேன். அது கூலியாட்களுக்காக எழுதியது என்று முடிவு செய்தேன். மண்வெட்டி, கடப்பாரை, டிராக்டர், கேஸ் அடுப்பு எல்லாம் பூஜைக்குத் தயாராக இருக்க, உலகத்திலேயே பழைய கருவிகள் அழுக்காக இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. உறவினர்கள் வேறு பார்க்க வருவதாக இருந்தார்கள். புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். பல ஆயிரம் ஆண்டு மண்ணும் மழையும் விட்டுவைத்ததை முக்கால் மணி நேரத்தில் முடித்தேன்.

பன்னிரண்டாவது கல்லை எடுக்கும்போதுதான் செந்தாமரை வந்தாள். "இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கிற? கழுவாதீங்க அக்கான்னு அந்தப் பொண்ணு எங்கிட்ட அவ்ளோ தூரம் சொல்லிட்டுப் போச்சே!" என்று பையோடு பிடுங்கிக்கொண்டு போய், தன் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்துப் பூட்டினாள். பெட்டிச் சாவியை நான்கு நாளும் இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. நீங்கள் வந்த அன்று அவள் எடுத்து வந்ததை நடுவழியில் நான் வாங்கி, என் கையால் உங்களிடம் கொடுத்தேன். அவள் உங்களுக்குக் காபி போடப் போனாள்.

அன்றிலிருந்து ஊரில் அவளுக்கு நல்ல பெயர். "இன்னாக்கா, பாத்திரத்தோட கல்லையும் தேய்ச்சிட்டியாமே?" என்று குழாயடியில் கேட்பார்கள். "ஆமா, உன் தலையக் கொண்டா, அதையும் தேய்க்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்குவாள். ஒரு வருஷத்துக்கு மேலாக இது நடக்கிறது. நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

இப்போது அதுவே அச்சிலும் வந்துவிட்டது. 'வீட்டார் ஒருவர் அறியாமல் கழுவியவை' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஊரில் கேட்டதையெல்லாம் சந்தேகப்பட்டவர். என்னை மட்டும் நம்பினீர்கள். போன வாரம் கட்டுரையைச் செந்தாமரைக்கு வாசித்துக் காட்டினேன். "என் பேரு இருக்குதா?" என்று கேட்டாள். 'வீட்டார் ஒருவர்' என்று இருப்பதாகச் சொன்னேன். "சரி, அது இன்னா கிழங்காம்?" என்றாள்.

கட்டுரையில் பெயர் இல்லை என்றேன். அவள் சொன்னாள். கொல்லைக்குப் பின்னால் இருக்கும் கரட்டுக் குன்றில் மூன்று வகைக் காட்டுக்கிழங்கு விளைகிறதாம். ஒன்று தோல் சீவினால் கை அரிக்குமாம், ஒன்று இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்தால்தான் தின்ன முடியுமாம். சின்ன வயதில் பஞ்ச நாளில் தின்றிருக்கிறாள். நாற்பது ஆண்டு கூட இருந்த எனக்கு இது செய்தி. உங்கள் கல்லில் இருப்பது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க இவை உதவலாம். உதவாமலும் போகலாம். உங்களிடம் கற்ற சொல்தான்.

திருத்தம் எழுத வழி இருந்தால் எழுதுங்கள். கழுவியவர் விருத்தாசலம், அறிந்தே. காப்பாற்றியவர் சி. செந்தாமரை. அந்தச் 'சி' அவள் அப்பா சின்னக்கண்ணு. என் பெயரை அங்கேயும் நுழைக்க வேண்டாம். குழியைச் சுற்றியுள்ள பகுதியில் இந்தப் பட்டமும் மல்லாட்டை விதைக்கவில்லை, ஏர் படவில்லை. பொங்கல் கழித்து வந்தால் தோண்டலாம்.

கோபம் இருந்தால் அதோடே வாருங்கள். அவள் கையைப் பிடித்து அன்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அது எனக்கு வந்திருக்க வேண்டியது என்பதையும் மறக்கவில்லை. அதற்கான நன்றியை ஒரு வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.

இத்துடன் வரும் பையில் மூன்று கிழங்கும் இருக்கின்றன. நேற்று அவளே போய்த் தோண்டி, மண்ணோடு துணியில் கட்டினாள். மேலே ஒட்டும் சீட்டில், அவள் சொல்ல நான் எழுதியிருக்கிறேன்: கழுவக் கூடாது. ஒட்டுவதற்கு முன் என்னை இரண்டு தரம் உரக்கப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

உங்கள் கை தொட்ட கல்லெல்லாம் பேசட்டும்.

என்றும் கடமைப்பட்ட,
விருத்தாசலம்