தலையணைக்குள் வைத்த பாட்டு

இன்று கோலாலம்பூரில் நம் பாட்டுப்பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். நம்முடையது அல்ல, அதே மாதிரி ஒன்று. சாவி கொடுத்தால் சுற்றும் பெட்டி, மேலே பித்தளைக் குழல், உள்ளேயிருந்து அதே மசகெண்ணெய் வாடை. வீடு திரும்பி, குளித்து, தேத்தண்ணீரும் குடித்தாயிற்று. உங்கள் மேல் வந்த கோபம் மட்டும் அடங்கவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தபோதே புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதவள் நான். இப்போதும் வாயில் வரவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

நம் சின்ன மகள்தான் கூட்டிப்போனாள். "பழைய பாட்டு, பழைய சினிமா எல்லாம் வச்சிருக்காங்கம்மா. இந்த அம்பாங்கான் வீட்டுலயே அடைஞ்சு கெடக்காம வாங்க" என்றாள். மக்களின் பொழுதுபோக்குக்கென்றே ஒரு அருங்காட்சியகமாம். ஒரு மூலையில், ரப்பர் தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடு ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். அதில் பளபளவென்று ஒரு மேசை, மேசைமேல் பின்னல் விரிப்பு, அதன்மேல் பாட்டுப்பெட்டி. வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில் தோட்டத்து மக்கள் ஓய்வு நேரத்தில் மகிழ்ச்சியாகப் பாட்டுக் கேட்டார்கள் என்று பக்கத்தில் எழுதி வேறு வைத்திருக்கிறார்கள். எந்த லயத்தில் ஐயா மேசை இருந்தது? நாம் மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டல்லவா பெட்டியை வைத்தோம். லயத்தைச் சுற்றி அடித்த முள்கம்பி வேலி எங்கே, ஆறு மணிக்கு மூடுகிற கேட் எங்கே என்று கேட்டால், மகள், "மெதுவா பேசுங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்கிறாள்.

அந்த மகிழ்ச்சி வந்த கதையை அவர்களுக்கு யார் சொல்வது? நமக்குக் கல்யாணமான புதிது. லிங்கி ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதி, மாற்றலாகிப் போன கிராணி, தூக்கிப் போட மனமில்லாமல் அந்தப் பெட்டியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை. நீங்களோ வெறும் பெட்டிக்குச் சாவி கொடுத்து, அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். லயமே சிரிக்கும். எனக்குத்தான் மானம் போகும்.

சிரம்பானுக்கு நாம் போனது பாயும் தலையணையும் வாங்க. ஆறு மணிக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. ஊரடங்கில் வெளியே நடமாடுகிறவனை யாரென்று விசாரித்துவிட்டா சுடுவார்கள்? பஸ் நிலையத்தில் மூட்டையோடு என்னை உட்கார வைத்து, "இந்தா வந்துடறேன்" என்று போனீர்கள். பஸ் உறுமத் தொடங்கிய பிறகுதான் ஓடி வந்தீர்கள். கடையில் நின்று ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டீர்களாம். வாங்கிய தட்டை என்னிடம் காட்டினால் ஏசுவேன் என்று பயம். நான் டிக்கெட் எடுக்கிற நேரத்தில், புதுத் தலையணையின் தையலைப் பிரித்துப் பஞ்சுக்குள் சொருகிவிட்டீர்கள்.

தலையணைக்குள். உங்களுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதென்று வழியெல்லாம் சோதனை நடந்த காலம் அது. தலையணையைக் கண்டால் போதும், அரிசி இருக்கிறதா என்று இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்குக்கூட அது தெரியும்.

சாலையில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். மலாய்க்காரக் காவலர் நம் மூட்டையை அவிழ்த்து, "பெராஸ்?" என்றார், அரிசியா என்று. "தாடா பெராஸ், துவான். வெறும் பஞ்சு" என்றீர்கள். அரிசி இல்லைதான். உள்ளே பாட்டுத்தட்டு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே பதமாக எடுத்துப் பார்த்திருப்பார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள், வாயை மூடிக்கொண்டீர்கள். கம்பி இறங்கியது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். காவலர் துப்பாக்கியை உங்கள் நெஞ்சுக்கு நேரே தூக்கிவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் சொன்னபடி தலையணையைக் கிழித்தீர்கள். சாலை முழுக்கப் பஞ்சு பறந்தது. ஓரம் கடிபட்ட தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையெல்லாம் பஞ்சாக நீங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து அந்தக் காவலரே சிரித்துவிட்டார். "ஏறுங்கலா, கேட் மூடிருவான்" என்று பஸ்காரர் கத்தினார். கேட்டை இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உள்ளே ஓடினோம். தலையணை இல்லை, உடைந்த தட்டு மட்டும்.

கட்டை விரல் அகலத்துக்கு ஓரம் போயிருந்தது. பாட்டின் ஆரம்பம் அதோடு போயிற்று. உடைந்த இடத்தைத் தாண்டி ஊசியை வைத்தால் பல்லவியில்தான் தொடங்கும். அவள் நடை அழகு, கண் அழகு என்று ஒருத்தியைப் புகழ்ந்து தள்ளும் பாட்டு. லயத்துப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆரம்பத்தில் என்ன வரும் என்று கேட்டபோதெல்லாம், "அது நமக்கு எதுக்கு? வீட்டுலயே இருக்கு" என்று சிரிப்பீர்கள். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் என்ன என்று எரிச்சல் வரும்.

நீங்கள் போன பிறகு, மூத்தவன் வீடு மாறும்போது பெட்டியையும் தட்டையும் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டான். அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு ஆசை. "மொத வரிய சொல்லுங்கம்மா, போன்ல தேடித் தரேன்" என்பாள் மகள். முதல் வரி தெரிந்தால் நான் ஏன் இவளிடம் கெஞ்சுகிறேன்? பல்லவியைப் பாடிக் காட்டினேன். என் குரலில் அவள் போனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இன்று அங்கே பொறுப்பில் இருந்த தமிழ்ப் பையனிடம் பாடினேன். அடுத்த அடியை அவன் எடுத்துக் கொடுத்தான். "இருக்கு பாட்டி. ஆனா போடக் கூடாது, பழைய தட்டு" என்றான். நான் நகர்வதாக இல்லை. கடைசியில் போட்டான். இழுத்து இழுத்து ஒருவர் ஏதோ பாட, "இது இல்லப்பா, வேற" என்று திரும்பிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் நம் பல்லவி தொடங்கியது. நின்றுவிட்டேன். திரும்பவும் போடச் சொல்லி முழுதாகக் கேட்டேன்.

தொகையறா அது, பல்லவிக்கு முன்னால் தாளமில்லாமல் இழுத்துப் பாடுவது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள், எதை வாங்கி வந்தாலும் குறை சொல்வாள், இவளிடம் நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும் என்று புலம்புகிறான் ஒருவன். அப்படிப் புலம்பிவிட்டுத்தான் நடை அழகு, கண் அழகு என்று தொடங்குகிறான்.

இதற்காகவா அந்தத் துப்பாக்கிக்கு முன்னால் நின்றீர்கள்? இத்தனை வருஷம் என் எதிரில் உட்கார்ந்து, பல்லவி வரும்போதெல்லாம் மனசுக்குள் ஆரம்பத்தைப் பாடிச் சிரித்திருக்கிறீர்கள். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சோறு போட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

திரும்பும் வழியெல்லாம் மகள் கார் ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். "அப்பா எப்படித்தாம்மா உங்களோட இருந்தாரு?" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்தத் தொகையறாதான் வந்தது. இழுத்து இழுத்துப் பாடினேன். முழுப் பாட்டும் இப்போது என்னிடம் இருக்கிறது. சண்டை போடத்தான் நீங்கள் இல்லை.