முப்பத்தெட்டு பாகைச் சாய்வு

ஸன்ஜான், ஈரான்,
தேய் மாதம் 18

அன்புள்ள கோல்நார் ஜான்,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பத்து நாளாக இணையம் இல்லை. உன் அண்ணன் நாளை அங்கே கிளம்புவதால் இதைக் கையால் எழுதுகிறேன்.

உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. "எட்டு வருஷமா என்னத்தையோ சுத்துதுன்னு பாத்துக்கிட்டே இருக்கா, பெத்தவளப் பாக்க நேரமில்ல" என்றார்கள். வேலை உறுதியானதும் வருவாய் என்று சொல்லிவைத்தேன்.

அந்த வேலையைப் பற்றித்தான் எழுத வேண்டும். வியாழனன்று உன் நேர்காணல். உன் கையில் இருக்கும் பெரிய சான்று நம் கட்டுரை. அது தவறு, கோல்நார்.

நாம் ஆராய்ந்த விண்மீன் திரள் மிக மெதுவாகச் சுழல்கிறது, ஆகவே கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளே வேண்டாம், ஈர்ப்பு விதியை மாற்றினால் போதும் என்பவர்கள் தோற்றார்கள் என்று எழுதினோம். போன வாரம் தேநீர் அறையில் நம் எதிர்க்கட்சிக்காரர் கியூமர்ஸ், "மஹ்ரோக் மேடம், நியூட்டனுக்கு வக்காலத்து வாங்கினது போதும். அந்தத் திரளோட தட்டு எவ்வளவு சாஞ்சிருக்குன்னு ஒழுங்கா பாத்தீங்களா?" என்று சிரித்தார். "உங்க கட்சி தோத்த கடுப்பு" என்றேன். பிறகு மனம் கேட்காமல் திரளின் ஹைட்ரஜன் வாயு வரைபடத்தை எடுத்தேன்.

முன்பு ஒளிப்படத்தின் நடுவில் உள்ள விண்மீன் பட்டையைப் பார்த்து ஏமாந்து, சாய்வு முப்பத்தெட்டு பாகை என்று உனக்குக் கொடுத்தவள் நான். உண்மையில் இருபத்தாறுதான். சாய்வு குறையக் குறையச் சுழற்சி நம் கண்ணுக்குக் குறைவாகவே தெரியும். அதைத் திருத்தினால் வேகம் நாற்பது சதவீதம் ஏறி, அவர்கள் விதி சொன்ன இடத்திலேயே போய் உட்காருகிறது.

சரிபார்த்தீர்களா என்று கேட்டால் எனக்கு அவமதிப்பு என்று நீ கேட்கவில்லை. நீ கேட்காததால் நீயே பார்த்திருப்பாய் என்று நானும் விட்டேன். "நீங்க முதல்ல போங்க" என்று மாறி மாறிச் சொல்லி வாசலிலேயே நிற்கும் நம் ஊர்ப் பழக்கம். பிடித்த விடை வந்ததால் அதற்குமேல் நான் தோண்டவுமில்லை.

நேர்காணல் முடியும்வரை சொல்லாமல் இருந்திருக்கலாம். இணையம் இல்லாததும் நல்ல சாக்கு. நான்கு நாள் அப்படி இருந்தும் பார்த்தேன். வகுப்பு, முழங்கால் வலி, இது, களைத்துவிட்டேன். இணையம் வந்ததும் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு எழுதிவிடுவேன்.

நேர்காணல் குழு கண்டுபிடிக்கும் முன் நீயே சொல்லிவிடு. சாய்வைக் கொடுத்தது நான் என்பதையும் சொல்; என்னைக் காப்பாற்றுகிறேன் என்று மறைக்காதே. வேலை கிடைத்தால் எழுது. கிடைக்காவிட்டால் திட்டியாவது எழுது.

நல்லதே நடக்கட்டும்.

உன்
மஹ்ரோக்