ஆறவைத்த கஞ்சி

பாப்பாவோட அப்பாவுக்கு,

நீங்க ரெண்டு பேரும் சுகம்னு நினைச்சுத்தான் பேனாவை எடுத்தேன். உங்க முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை பார்த்த வீட்டுல ஊட்டிவிட்டுப் பார்த்துக்கிட்ட வயசான அம்மா போன வாரம் தவறிட்டாங்க. வேலைக்கு வேற வீடு இன்னும் அமையலை. அதான் நேத்து காலையில, இங்க வந்த நாலு வருஷத்துல முதல் தடவையா, தெருமுனை ஹோட்டல்ல போய் உட்கார்ந்தேன். பரிமாறுற அக்கா என்ன வேணும்னு கேட்டதும் என் வாய் தானா, "உப்பில்லாம கஞ்சி, நல்லா குழைய"ன்னு சொல்லிருச்சு. அது அந்த அம்மாவோட சாப்பாடு! கஞ்சி வந்ததும் ஒரு ஸ்பூன் எடுத்து, ஊதி ஆறவச்சு, எதிர்ல இருந்த காலி நாற்காலிக்கு நீட்டிட்டேன். சிரிக்காதீங்க.

அக்கா ஓடிவந்து, "சரி, உங்களுக்கு என்ன கொண்டுவரட்டும்?"னாங்க. எவ்வளவு யோசிச்சும் எனக்கு ஒண்ணும் தோணலை. எழுந்து வந்துட்டேன்.

தபால் எடுக்குற நேரமாச்சு, முடிச்சுக்கிறேன். பாப்பா பாதத்தை நூலால அளந்து அனுப்புங்க, செருப்பு வாங்கணும். அப்படியே, காலையில நான் என்ன விரும்பிச் சாப்பிடுவேன்னு ஒரு வரி எழுதுங்க. உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா பாப்பாகிட்ட கேக்காதீங்க. நான் கிளம்புறப்போ அவளுக்குப் பல்லே முளைக்கலை.

பாப்பாவோட அம்மா